பூவரசு பீப்பீயும் பப்பாளிக் குழலும் ஜூஃப்ரியின் கிளாரினெட்டும்

பாலாற்றங்கரைப் பிள்ளைகளுக்குக் காசில்லாமல் கிடைத்த வாத்தியங்கள் இரண்டு. பூவரசு இலையைச் சுருட்டி, சின்ன முனையை நசுக்கி ஊதினால் பீப்பீ. பப்பாளி இலைக் காம்பை ஒரு பக்கம் அடைத்தபடியே வெட்டி, அந்தப் பக்கத்தில் பிளேடால் ஒரு கீறல் போட்டு ஊதினால் இன்னொன்று. பீப்பீ கத்தும். பப்பாளிக் குழல் கன்றைத் தேடும் மாடு மாதிரி முனகும். ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பல வருஷம் கழித்து ‘ஃப்ரீ ஃபால்’ என்ற ஜாஸ் இசைத்தட்டைக் கேட்ட ராத்திரியில்தான் அந்தக் கேள்வி வந்தது.

1962-ல் பதிவாகி அடுத்த ஆண்டு வெளிவந்த தட்டு அது. மூன்றே பேர்: கிளாரினெட் ஜிம்மி ஜூஃப்ரி, பியானோ பால் பிளே, டபுள் பேஸ் ஸ்டீவ் ஸ்வாலோ. டிரம்ஸ் இல்லை. தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று தன் ஊரையே இல்லாததை வைத்துச் சொல்லிப் பழகியவன் நான் (வேலூர்க் கோட்டைக் கோயிலுக்கு 1981-ல் சாமி திரும்பிவிட்டார்). ஆனாலும் டிரம்ஸ் இல்லாத ஜாஸ் முதலில் என்னைத் தடுமாற வைத்தது. பத்து உருப்படிகளில் ஐந்தில் ஜூஃப்ரி தனியாகவே ஊதுகிறார். மறைக்க வேறு சத்தம் எதுவும் இல்லாததால் குழலுக்குள் நடப்பதெல்லாம் காதில் விழுகிறது.

என்ன நடக்கிறது அங்கே?

கிளாரினெட்டின் வாயில் இருக்கும் நாணல் பட்டையை ஒரு கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊதும்போது அது திறந்து மூடி, காற்றைத் துண்டு துண்டாக உள்ளே விடுகிறது. ஓர் அழுத்தத் துடிப்பு குழலின் மறுமுனைக்கு ஓடுகிறது. அந்த முனை திறந்திருப்பதால் துடிப்பு அங்கே தலைகீழாகி, அழுத்தக் குறைவாகத் திரும்புகிறது. நாணல் பக்கம் கிட்டத்தட்ட அடைத்த முனை. அங்கே வந்தது வந்தபடியே திரும்பும். அழுத்தக் குறைவு மறுபடி ஓடி, திறந்த முனையில் இன்னொரு தடவை புரண்டு, பழைய அழுத்தமாக வந்து சேர்கிறது. ஒரு சுற்று முடிய, குழலை நான்கு முறை கடக்க வேண்டும்.

60 சென்டிமீட்டர் குழல், மூச்சுச் சூட்டில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர் என்றால், நான்கு ஓட்டத்துக்கு 7 மில்லி நொடிக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது நொடிக்கு 146 அதிர்வுகள். வழக்கமான கிளாரினெட்டின் அடிமட்டச் சுரம் ஏறக்குறைய இதுதான். அதே நீளப் புல்லாங்குழலில் இரண்டு முனையும் திறப்பு, இரண்டே ஓட்டத்தில் சுற்று முடிந்துவிடும். அதனால் அது ஒரு ஸ்தாயி மேலே, அதாவது இரட்டிப்பு அதிர்வில் பேசும். பப்பாளிக் காம்பு தன் அளவுக்கு மீறிய கனத்த குரலில் முனகியதன் காரணம் இங்கே இருக்கிறது.

இப்போது அழுத்தி ஊதி மேல் சுரத்துக்குத் தாவப் பாருங்கள். இரட்டிப்பு வேகத்தில் அதிரும் ஒலி போய்த் திரும்புவதற்குள் ஒரு முழு ஆட்டம் ஆடிவிடும். திறந்த முனையில் தலைகீழானதால், நாணல் திறக்க வேண்டிய நேரத்தில் வந்து அதை மூடப் பார்க்கும். ஊஞ்சல் நம்மை நோக்கி வரும்போது எதிரே தள்ளுவது போல. மும்மடங்கு வேகமானால் ஒன்றரை ஆட்டம் ஆடி, சரியான நேரத்தில் வந்து கைகொடுக்கும். எனவே கிளாரினெட் சட்ஜமத்திலிருந்து மேல் சட்ஜமத்துக்குத் தாவாது. அதைத் தாண்டி மேல் ஸ்தாயிப் பஞ்சமத்தில் போய் நிற்கும்.

கிளாரினெட்டும் பப்பாளிக் காம்பும் ஏறக்குறைய ஒரே அகலமான குழல்கள். பூவரசு பீப்பீ கூம்பு. நாதஸ்வரமும், கூத்தில் ஊதும் சின்னக் குழலான முகவீணையும் அதே வடிவம்தான். கூம்பின் குறுகிய நுனி அடைத்திருந்தாலும் அலைக்கு அது திறந்த முனை போலவே நடந்துகொள்ளும். அதனால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என எல்லாமே கிடைக்கும். செய்யாறு பக்கம் புரிசை போன்ற ஊர்களின் தெருக்கூத்தில் பாடுகிறவர் உச்சத்துக்குப் போனதும் முகவீணை மேல் சட்ஜமத்துக்கு ஏறிக் கூடவே நிற்பது அந்த வடிவம் தந்த வரம்.

கிளாரினெட்டுக்கு இது வேலையைக் கூட்டுகிறது. தாவலுக்கு முன்னால் 19 அரைச் சுரங்களைத் துளைகளாலேயே நிரப்பியாக வேண்டும். குச்சியும் மூடியுமாக அத்தனை சாவிகள் அதன் உடம்பில் இருப்பது இதனால். நடுவில் ஓர் இடம், பெரும்பாலான துளைகள் திறந்து குரல் மெலிந்து போகும். அடுத்த சுரத்துக்கு ஏறினால் ஏறக்குறைய எல்லாத் துளையையும் மூட வேண்டும். இந்தத் தையல் வெளியே தெரியாமல் ஊதத்தான் வித்வான்கள் வருஷக்கணக்கில் சாதகம் செய்கிறார்கள்.

1950-களில் ஜூஃப்ரி பெரும்பாலும் அடிக்குரலிலேயே தங்கினார். மூச்சு கலந்த, பப்பாளிக் குழலுக்குச் சொந்தமான குரல். ‘ஃப்ரீ ஃபால்’-இல் அவர் அந்தப் பாதுகாப்பை விட்டு வெளியே வருகிறார். அடியிலிருந்து சட்டென்று உச்சிக்குத் தாவுகிறார், அங்கிருந்து வழுக்குகிறார். எனக்கு இந்தத் தட்டில் ரொம்பப் பிடித்தது அந்தத் தாவல்கள்தான்.

தட்டு விற்கவில்லை. நியூயார்க்கில் ஒரு காபிக் கடையில் வாசித்த இரவில் ஆளுக்கு 35 சென்ட்தான் தேறியது. குழு கலைந்தது. வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்த அதே 1989-ல் மூவரும் மறுபடி சேர்ந்து ஒலிப்பதிவு செய்தார்கள்.

போன வாரம் கொல்லைப் பப்பாளியில் ஒரு காம்பு வெட்டினேன். நறுக்க நறுக்கச் சுருதி ஏறியது, நாலாவது நறுக்கில் ஊமையாகிவிட்டது. இன்னொரு காம்பு வெட்டிக்கொண்டேன்.