‘அடித்தாரா?’ என்பதற்கு எத்தனை சைகைகள்?

நான் சைகைமொழி பெயர்ப்பாளராகச் சேர்ந்த புதிதில், குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த காது கேளாத பெண்மணி ஒருவருடன் மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். மருத்துவர் வழக்கம்போல், “ஏம்மா, சர்க்கரை இருக்கா?” என்று கேட்டார். நான் சர்க்கரைக்குரிய சைகையைக் காட்டி, இருக்கிறதா என்று கேட்டேன். அந்த அம்மா இருக்கிறது என்று தலையசைத்தார். வீட்டுச் சமையலறையில் சர்க்கரை இருக்கிறது என்பதே அவருடைய பதில். சீட்டில் நீரிழிவு நோய் என்று எழுதப்பட்டுவிட்டது. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று செவிலியர் கேட்டபோது, எதுவும் புரியாமல் அவர் என்னைப் பார்த்த பிறகுதான் பிழை தெரிந்தது. உடனே மருத்துவரிடம் சொல்லித் திருத்தச் செய்தேன்.

அன்று என்னிடம் பட்டயச் சான்றிதழ் இருந்தது. நான் காட்டிய சைகையும் சரியானதுதான். பேச்சு வழக்கில் ஒரு சொல் எந்த நோயைக் குறிக்கிறது, ஐயம் எழுந்தால் மருத்துவரை எந்த இடத்தில் நிறுத்திக் கேட்க வேண்டும் என்ற தேர்ச்சிதான் என்னிடம் இருக்கவில்லை. பட்டயத்துக்கு மேல் ஒரு முதுநிலைப் பயிற்சி நமக்கு வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

2015-இல் டெல்லியில் தொடங்கப்பட்ட இந்திய சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையமும் வேறு சில நிறுவனங்களும் நடத்தும் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வினாச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும், புருவமும் தலையசைவும் இலக்கணத்தின் பகுதி என்பதையெல்லாம் உணர்ந்து கைக்குக் கொண்டுவரவே அந்த இரண்டு ஆண்டுகள் போதுமானதாக இருக்கின்றன. அம்மையம் 2021-இல் வெளியிட்ட அகராதியின் மூன்றாம் பதிப்பில் 10,000 சொற்கள் உள்ளன. ஆனால் எந்த அகராதியும் சாட்சிக் கூண்டருகே நிற்கும்போது நாம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தராது.

நீதிமன்றத்தில் வழக்கறிஞர், “அவர் உன்னை அடித்தாரா?” என்று கேட்கிறார். தமிழில் அது பொதுவான கேள்வி. சைகையிலோ, அடிப்பதைக் காட்டும்போதே கன்னத்தில் அறைந்ததா, முதுகில் குத்தியதா, கட்டையால் தாக்கியதா என்பதைக் கை காட்டிவிடுகிறது. நான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், சாட்சி இன்னும் சொல்லாத விவரத்தை நானே அவருக்கு ஊட்டிவிட்டவனாவேன். ‘தொட்டாரா?’ என்ற கேள்வி இதைவிடக் கடினமானது; எங்கே என்பதைக் காட்டாமல் அதைக் கேட்பது அரிது. பாலியல் குற்ற வழக்கில் ஒரு குழந்தையிடம் இப்படிக் கேட்டுவிட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த வாக்குமூலத்தையே கேள்விக்குள்ளாக்கலாம். குற்றமற்ற ஒருவர் தண்டிக்கப்படவும் கூடும். “ஐயா, இதை அப்படியே சைகையில் கேட்டால் விடை கேள்விக்குள்ளேயே அமைந்துவிடும், ‘என்ன நடந்தது’ என்று கேட்க அனுமதி வேண்டும்” என்று நீதிபதியிடம் எழுந்து சொல்லும் அறிவும் துணிவும் பயிற்சியால் வர வேண்டியவை. வாய்மொழியாகப் பேச இயலாத சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியரின் உதவியை நீதிமன்றம் பெற வேண்டும், அந்த வாக்குமூலத்தைக் காணொளியாகப் பதிய வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம், பிரிவு 125 கூறுகிறது. ஆகவே நம் கைகள் காட்டுவது ஒவ்வொன்றும் பதிவாகிறது.

பள்ளிக்கே செல்லாதவர்களும் நம்மிடம் வருகிறார்கள். வீட்டாருடன் தாமே உருவாக்கிக்கொண்ட சைகைகளை மட்டும் அறிந்த அவர்களுக்கு, காது கேட்கும் என்னைவிடக் காது கேளாத மொழிபெயர்ப்பாளர் ஒருவரே விரைவாகப் புரியவைப்பார். அவர் அருகில் நிற்க, இருவருமாகச் சேர்ந்து மொழிபெயர்க்கும் முறை பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது. எங்கள் பகுதியில் அப்படி ஒருவரை அழைத்து வந்தபோது, இரண்டு பேர் எதற்கு என்றே கேட்டார்கள்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். நாம் ‘அவர் சொல்கிறார்’ என்று பேசுவதில்லை. பாதிக்கப்பட்டவருடைய சொற்களை ‘என்னை’ என்றே குரலாக்குகிறோம். அன்றிரவு அந்தச் சொற்கள் நம்மை விட்டுப் போவதில்லை, ரகசியம் காக்க வேண்டியிருப்பதால் வீட்டிலும் பேச முடிவதில்லை. அமெரிக்காவில் சைகைமொழி பெயர்ப்பாளர் ராபின் டீனும் உளவியலாளர் ராபர்ட் பொல்லார்டும், மருத்துவர்கள் நோயாளியைப் பற்றிக் கூடி விவாதிப்பதுபோல, மொழிபெயர்ப்பாளர்களும் பெயர் விவரங்களை நீக்கி, தாம் சந்தித்த சூழலையும் எடுத்த முடிவையும் மூத்தவர்களுடன் அலசும் முறையை உருவாக்கினார்கள். முதுநிலைப் பயிற்சியின் உயிர்நாடி இதுதான் என்று நான் நினைக்கிறேன். வாஷிங்டனில் காது கேளாதோருக்கென உள்ள காலோடெட் பல்கலைக்கழகம் மொழிபெயர்ப்பில் முதுகலைப் பட்டம் வழங்குகிறது. அதே நாட்டின் ரோச்செஸ்டர் நகரில் மருத்துவத் துறை மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. ஐரோப்பாவில் சில பல்கலைக்கழகங்கள் கூட்டாக நடத்தும் முதுகலைப் படிப்பு, ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்காகவே அமைக்கப்பட்டது.

எம்.பி.பி.எஸ். முடித்தவரிடம் இதய அறுவையை ஒப்படைக்கக் கூடாது என்பது வேலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மருத்துவமனைகளும், சத்துவாச்சாரியில் நீதிமன்ற வளாகமும், சேர்க்காட்டில் பல்கலைக்கழகமும் உள்ள இவ்வூரில், பணியில் இருப்போர் வார இறுதிகளில் படிக்கக்கூடிய ஓராண்டு முதுநிலைப் பட்டயம் ஒன்று தொடங்கப்பட வேண்டும். அதன் பாதி நாட்கள் மூத்த மொழிபெயர்ப்பாளரின் பக்கத்தில் நின்று உண்மையான பணியைப் பார்ப்பதாக அமைய வேண்டும். யாருக்காக மொழிபெயர்க்கிறோமோ அந்தக் காது கேளாதோரே ஆசிரியர்களில் பாதிப் பேராகவும், தேர்வாளர் குழுவில் பெரும்பான்மையாகவும் இருக்க வேண்டும். அந்தக் குடியாத்தம் அம்மாவைப் போன்ற ஒருவர் எதிரே அமர்ந்து, தமக்குப் புரிந்தது இது என்று சொன்ன பிறகே மாணவருக்கு மதிப்பெண் இடப்பட வேண்டும்.