பார்ட்டிஷன்: பங்காளி இல்லாத பாகப்பிரிவினை

சேலம் அஸ்தம்பட்டியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். போன மாதம் 4 டெராபைட் ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கிவந்து, பார்ட்டிஷன் போடணும், அதாவது ஒரே டிஸ்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கணும் என்றதும் சித்தப்பா நிமிர்ந்தார். அவர் பத்திரம் எழுதுகிறவர். "நீ ஒருத்தன் வாங்குன டிஸ்க்குக்கு எதுக்குடா பார்ட்டிஷன்? பங்காளி யாரு?"

நியாயமான கேள்வி. லத்தீனில் 'பார்ஸ்' என்றால் பகுதி. அதிலிருந்து 'பார்ட்டிட்டியோ', பகுத்தல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, நமக்குப் பெரும்பாலும் பத்திர ஆபீஸ் மூலம் அறிமுகமானது. சொத்தில் அது பாகப்பிரிவினை, 1947 என்றால் தேசப் பிரிவினை, ஆபீஸில் நடுவே நிற்கும் பலகைத் தடுப்பும் அதுவே. டிஸ்க்கில் போடுவதற்குத் தமிழில் என்ன சொல்வது? இவை ஒட்டவில்லை. பிரிவினை என்றாலே இரண்டு தரப்பு வந்துவிடும். தடுப்பு என்பது சுவரைச் சொல்லும். நமக்கு வேண்டியது சுவருக்கு உள்ளே இருக்கும் இடம்.

என் ஓட்டு 'உட்பிரிவு'க்கு. பட்டாவில் 112/2 என்றிருந்தால் 112 புல எண், 2 உட்பிரிவு எண். இரண்டு துண்டுக்கும் ஒரே ஆள் சொந்தக்காரராக இருந்தாலும் தப்பில்லை. செயலைச் சொல்ல 'பகுப்பு' போதும். பகுதி, பங்கு எல்லாம் அந்த 'பகு' என்ற வேரில் கிளைத்தவைதான்.

எந்த உட்பிரிவு எங்கே தொடங்குகிறது என்று டிஸ்க்கிலேயே எழுதிவைக்கும் பார்ட்டிஷன் டேபிளை உட்பிரிவுப் பதிவேடு எனலாம். அதில்தான் நான் சறுக்கினேன். பதிவேட்டில் இரண்டு வகை: பழைய எம்பிஆர், புதிய ஜிபிடி. எது வேண்டும் என்று விண்டோஸ் கேட்டது. படிக்காமல் எம்பிஆர் என்று அழுத்திவிட்டேன். 2048 ஜிபி வந்தது. மீதி 1678 ஜிபி கறுப்புப் பட்டையாக நின்றது, எதற்கும் அசையவில்லை. "அது புறம்போக்கு" என்றார் சித்தப்பா.

காரணம் இதுதான். டிஸ்க்கைப் பெரும்பாலும் 512 பைட் துண்டுகளாக எண்ணுவார்கள், அதுதான் செக்டர். 1983-இல், விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் 2.0-வோடு வந்த எம்பிஆர் பதிவேட்டில் செக்டர் எண் எழுத 32 பிட் (0 அல்லது 1 என 32 இலக்கம்) கட்டம்தான் உண்டு. ஏறக்குறைய 429 கோடி துண்டு, அதாவது 2.2 டெராபைட் (விண்டோஸ் ஆயிரத்துக்குப் பதில் 1024-ஆல் கணக்கிடுவதால் இதையே 2048 ஜிபி என்று காட்டும்). அதற்குமேல் எழுத இடமில்லை. ஜிபிடியில் கட்டம் 64 பிட். எம்பிஆரில் முதன்மை உட்பிரிவு நாலுதான். ஜிபிடியில் விண்டோஸ் 128 வரை தரும். பதிவேட்டின் நகல் ஒன்று டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும், பத்திர நகல் மாதிரி.

சரி, டிஸ்க் காலிதானே என்று போட்ட உட்பிரிவை அழித்துவிட்டு, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் ஜிபிடிக்கு மாற்றினேன். (தகவல் இருந்தால் முதலில் வேறிடத்தில் நகல் எடுக்கவும்.)

ஃபார்மேட் வேறு சங்கதி. உட்பிரிவு வரப்பு என்றால் ஃபார்மேட் உழவு: உள்ளே ஃபைல் எழுதத் தோதாக இடத்தைத் தயார் செய்வது. அதிலும் வகைகள் உண்டு. விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ், மேக்கிலும் எழுதணும் என்றால் எக்ஸ்ஃபேட். ஃபேட்32 வேண்டவே வேண்டாம்: 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலை ஏற்காது, முகூர்த்த வீடியோ ஒன்றே அதைத் தாண்டும்.

இரண்டு உட்பிரிவு போட்டேன். பெயர் வைத்தது சித்தப்பா: மேல்காடு, கீழ்க்காடு.