ரயில்வே கேட் மனுவை யாருக்கு எழுதுவது?

எங்கள் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து நான்கு பேர் அண்மையில் ஒரு மனுவை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார்கள். ரயில்வே கேட்டை ஒரு நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் மூடிவைக்கக் கூடாது, ஊருக்குள் ரயில்கள் வேகத்தைக் குறைக்க வேண்டும், இரவு பத்து மணிக்கு மேல் ஹாரன் அடிக்கக் கூடாது என்று உள்ளாட்சி மன்றம் தீர்மானம் போட வேண்டும் என்பது மனுவின் சாரம். மதுரை–ராமேசுவரம் பாதையில் பல ஆண்டுகள் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால், அதைத் திருத்தித் தரும்படி கேட்டார்கள். அவர்களில் ஒருவர் மீன் வண்டி ஓட்டுபவர். "பெட்டியில இருக்குற ஐஸ் உருகி ரோட்டுல ஓடுது ஐயா, கேட்டத் தொறக்க மாட்டேங்குறாங்க" என்று அவர் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. அந்தத் தண்ணீர்க் கோட்டை நானே பார்த்திருக்கிறேன்.

குறை உண்மையானதுதான். ஆனால் மனு போய்ச் சேர வேண்டிய இடம் அதுவன்று. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 22ஆம் இனமாக ரயில்வே இருக்கிறது. ஆகவே ரயிலின் வேகத்தையோ, ஹாரனையோ, கேட் மூடும் நேரத்தையோ நகராட்சியும் பேரூராட்சியும் ஊராட்சியும் தீர்மானம் போட்டுக் கட்டுப்படுத்த முடியாது. அந்த விதிகள் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்திலும், 1976ஆம் ஆண்டு பொது விதிகளிலும், தெற்கு ரயில்வேயின் துணை விதிகளிலும், ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒவ்வொரு கேட்டுக்கும் தனித்தனியாக எழுதப்பட்ட செயல்பாட்டு விதிகளிலும் இருக்கின்றன. உள்ளூர் விதி என்று ஒன்று உண்டு என்றால், அது கேட் அறையில் வைத்திருக்கும் அந்தச் சில பக்கங்கள்தான். எந்த நிலையத்தோடு போனில் பேச வேண்டும், எந்த சிக்னல் இந்தக் கேட்டைக் காக்கிறது, தடுப்புக் கம்பம் உடைந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும்.

கேட் ஏன் இவ்வளவு முன்னதாக மூடப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அந்தச் சிறிய அறைக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நிலையத்திலிருந்து ரயில் புறப்படுவதற்கு முன்பே ஸ்டேஷன் மாஸ்டர் கேட் கீப்பரைப் போனில் அழைத்து, வண்டியின் எண்ணைச் சொல்கிறார். கேட் கீப்பர் இரு பக்கமும் பார்த்துக் கேட்டை மூடிப் பூட்டிவிட்டு, அதற்கு உறுதியாக ஒரு 'பிரைவேட் நம்பர்' தருகிறார். தம்மிடம் உள்ள அச்சிட்ட தாளிலிருந்து எடுத்துச் சொல்லும் இரண்டு இலக்க எண் அது. சொன்னவுடன் தாளில் அதை அடித்துவிட வேண்டும். வண்டி எண்ணோடும் நேரத்தோடும் பதிவேட்டில் எழுத வேண்டும். மறுமுனையில் ஸ்டேஷன் மாஸ்டரும் அதே எண்ணைத் தம் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார். என் பணிக்காலத்தில் மாதக்கணக்கில் நான் குரலை மட்டுமே அறிந்திருந்த கேட் கீப்பர்கள் உண்டு. "நாலு ஏழு, நாற்பத்தேழு" என்று அவர்கள் இரண்டு விதமாகச் சொல்வது, காற்று இரைச்சலில் எண் பிசகிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் உண்டு. எண்ணைச் சொல்வது மனிதர். கேட்டை மூடாமலே எண்ணைச் சொல்லிவிடவும் முடியும். இன்டர்லாக் செய்யப்பட்ட, அதாவது சிக்னலோடு பிணைக்கப்பட்ட கேட்டில் அதற்கு இடமில்லை. கேட் மூடிப் பூட்டப்படாதவரை சிக்னல் பச்சைக்கு மாறாது. சிக்னல் கொடுத்த பிறகு ரயில் கடக்கும்வரை கேட்டை வழக்கமான முறையில் திறக்க முடியாது. பாம்பன்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. பாலத்தின் தூக்குப் பகுதி படகுகளுக்காக மேலே இருக்கும்போது ரயிலுக்கு சிக்னல் கிடைக்காது அல்லவா, கேட்டும் அதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. பழைய பாலம் இயங்கிய காலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும். மண்டபத்தில் வண்டி எத்தனை நேரம் நின்றாலும் அங்கே யாரும் ஸ்டேஷன் மாஸ்டரைத் திட்டியதில்லை. கடலின் முன் காத்திருக்கும் அந்தப் பொறுமை கேட்டின் முன் ஏனோ நமக்கு இருப்பதில்லை.

2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். அது இன்டர்லாக் செய்யப்படாத கேட். அதற்குப் பிறகுதான், இன்டர்லாக் செய்வதற்கான போக்குவரத்து அளவு (ரயில்களையும் வாகனங்களையும் பெருக்கிப் போடும் இந்தக் கணக்கைப் பின்னால் சொல்கிறேன்) 20,000 அலகிலிருந்து 10,000 அலகாகக் குறைக்கப்பட்டது. எல்லாக் கேட்டுகளிலும் கண்காணிப்புக் கேமரா பொருத்தவும் உத்தரவிடப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. "வண்டிதான் இன்னும் தெரியலையே, ஒரு நிமிஷம் தொறந்து விடுப்பா" என்று கேட் கீப்பரைச் சூழ்ந்துகொண்டு கேட்கும் குரல்களைப் போனின் இந்த முனையிலிருந்து நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அந்த வேண்டுகோளை யாரும் எப்போதும் வைக்காதீர்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு நொடிக்கு 25 மீட்டர் கடக்கிறது; 600 மீட்டருக்கு அப்பால், வளைவுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் வண்டி 24 நொடிகளில் கேட்டுக்கு வந்துவிடும். மூடிய கேட்டை அதிகாரமில்லாதவர் திறந்தால் ரயில்வே சட்டத்தின் 160ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரையும், உடைத்தால் ஐந்து ஆண்டுகள் வரையும் சிறைத் தண்டனை உண்டு.

ஒரு வண்டி போன பிறகும் கேட் திறக்கவில்லை என்று பலர் கோபப்படுகிறார்கள். நம்முடையது ஒற்றைப் பாதை. எதிர்த்திசை வண்டி அடுத்த நிலையத்தில் கிராசிங்குக்காக நின்று, இந்த வண்டி வந்து சேர்ந்ததும் புறப்படும். கேட் கீப்பர் மறந்துபோய் உட்கார்ந்திருக்கவில்லை. அடுத்த வண்டிக்கும் பிரைவேட் நம்பர் கொடுத்திருப்பார். முதல் ரயிலின் கடைசிப் பெட்டி கடந்தவுடன் கம்பத்துக்கு அடியில் பைக்கைச் சாய்த்து நுழைக்கும் இளைஞர்கள் இதை அவசியம் அறிந்துகொள்ள வேண்டும்.

ஆம்புலன்ஸ் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓர் இரவு கேட் கீப்பர் என்னை அழைத்து, "சார், பிரசவ கேஸ், ஆம்புலன்ஸ் நிக்குது" என்றார். நான் ஏற்கெனவே சிக்னல் கொடுத்துவிட்டேன். வண்டி சிக்னலை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் அதைப் பறித்துச் சிவப்பாக்கினாலும் வண்டி கேட்டுக்கு முன் நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை. மறுத்துவிட்டேன். நான்கு நிமிடங்கள். அந்தத் தாயும் குழந்தையும் நலம் என்று மறுநாள் விசாரித்துத் தெரிந்துகொள்ளும்வரை அந்த நிமிடங்கள் எனக்குள் முடியவில்லை. அதே அழைப்பு, நான் சிக்னல் கொடுப்பதற்கு முன்பே வந்திருந்தால் வண்டியை நிலையத்திலேயே நிறுத்திவைத்திருக்க முடியும்; அப்படி நிறுத்தியும் இருக்கிறேன். ஆகவே கிராமத்திலிருந்து ஆம்புலன்ஸ் கிளம்பும்போதே, கேட்டுக்கு அருகில் இருக்கும் யாராவது ஒருவர் ஓடிப்போய்க் கேட் கீப்பரிடம் சொல்லிவிடுவது பெரிய உதவி.

இனி, நம் உள்ளாட்சிகள் உண்மையிலேயே செய்யக்கூடியவை. இந்த மாவட்டத்தில் ரயில் பாதையோரம் எங்கும் சீமைக்கருவேலம். ரயில்வே எல்லைக்குள் இருப்பதை ரயில்வே வெட்டினாலும், அணுகுசாலையின் ஓரத்தில் வளர்ந்து வளைவை மறைப்பது ஊராட்சி நிலத்திலோ தனியார் நிலத்திலோ நிற்கும் கருவேலம்தான். அடுத்து, சாலை. ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை தேசிய நெடுஞ்சாலை 87 பாதைக்கு இணையாகவே போகிறது. நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து கேட்டுக்குப் போகும் சாலை குட்டையாக இருக்கும் இடங்களில், பத்து வண்டி நின்றாலே வரிசையின் வால் நெடுஞ்சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும். கேட் ஓரத்து டீக்கடை, இளநீர் வண்டி, கருவாட்டுக் கடை ஆகியவற்றைச் சற்றுத் தள்ளி அமைப்பதும், நடுவில் தடுப்பு வைப்பதும், தெருவிளக்குப் போடுவதும் ரயில்வேயின் வேலையல்ல. கேட் மூடியதும் இரு பக்கமும் சாலையின் முழு அகலத்துக்கு வண்டிகள் முந்திக்கொண்டு வந்து நிற்பதால், திறந்தவுடன் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு தண்டவாளத்தின் மேலேயே சிக்கிக்கொள்வது நாம் தினமும் காணும் காட்சி. மீன் வண்டிக்காரர் இழக்கும் பத்து நிமிடத்தில் பாதி அங்கேதான் போகிறது.

மேம்பாலம் கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு நாளில் ஓடும் ரயில்களின் எண்ணிக்கையைக் கேட்டைக் கடக்கும் வாகன அலகுகளால் பெருக்கி வருவதுதான் போக்குவரத்து அளவு. 20 ரயில்களும் 5,000 அலகுகளும் என்றால் 1,00,000. செலவைப் பகிர்ந்து மேம்பாலம் கட்டுவதற்கு வழக்கமாகப் பார்க்கும் எல்லை இதுதான். இதில் கார், லாரி, மாட்டு வண்டி ஒவ்வொன்றும் ஓர் அலகு. ஆட்டோ அரை அலகு. பைக் கால் அலகு. "தினமும் 8,000 வண்டி போகுது" என்று மனுவில் எழுதுபவர்கள், அதில் 6,000 பைக் என்றால் கணக்கு 3,500 அலகாகச் சுருங்கிவிடும் என்பதை அறிந்திருக்க வேண்டும். மேம்பாலத்தையோ சுரங்கப்பாதையையோ ரயில்வேயிடம் கேட்கும் உரிமையைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு மாநில அரசுக்கும், சாலையைப் பராமரிக்கும் உள்ளாட்சிக்கும் தருகிறது. தீர்மானம் போட வேண்டிய இடம் இங்கேதான்.

சுரங்கப்பாதைக்கு மட்டும் எச்சரிக்கையோடு ஒப்புக்கொள்ளுங்கள். கடலோரத்தில் நான்கடி தோண்டினாலே ஊற்று வரும் ஊர்கள் இவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளத்தில் தேங்கும் நீர் வடிய இடமிருக்காது. தண்ணீர் எங்கே வெளியேறும், பம்பு யாருடையது, மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதற்கு எழுத்தில் பதில் பெறுவதற்கு முன் கேட்டை மூட இசைவு தந்துவிடாதீர்கள். கேட்டை நிரந்தரமாக மூட ஆட்சியரின் இசைவு தேவை. கேள்விகளை அப்போதே கேட்டுவிட வேண்டும்.

வந்தவர்களிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது இருட்டிவிட்டது. மனுவை இரண்டாக எழுதினோம். கருவேலம், விளக்கு, நடுத்தடுப்பு, கடைகள் ஆகியவற்றைக் கேட்டு உள்ளாட்சிக்கு ஒன்று. இன்டர்லாக் வசதியையும் புதிய வாகனக் கணக்கெடுப்பையும் கேட்டு மதுரைக் கோட்ட ரயில்வே மேலாளருக்கு மற்றொன்று, அதன் நகல் ஆட்சியருக்கு. இரவு ஹாரன் அடிக்கக் கூடாது என்ற வரியை மீன் வண்டிக்காரரே பேனாவை வாங்கி அடித்துவிட்டார். கேட்டின் எண்ணை யாரும் குறித்துக்கொண்டு வரவில்லை. அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டோம். திரும்பிப் போகும் வழியில் கேட் அறைச் சுவரில் பார்த்து எழுதிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.