கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கத்தில் காற்றின் வயது

ஒரு யுரேனியச் சுரங்கத்தில் வேலை நின்றுவிட்டது என்பதால் அதன் கதிரியக்கம் நின்றுவிடுவதில்லை. உண்மையில், உள்ளே இறங்குபவருக்கு இயங்கும் சுரங்கத்தைவிடக் கைவிடப்பட்ட சுரங்கமே பெரும்பாலும் கூடுதல் ஆபத்தானது, ஏனென்றால் வேலை நின்றதும் காற்றோட்ட விசிறிகளும் நின்றுவிடுகின்றன. பல ஆண்டுகள் கழித்துச் சுரங்க வாயில்களை அடைக்கவும், கழிவுப் பாறைகளை அகற்றவும், நிலத்தைச் சீரமைக்கவும் செல்லும் தொழிலாளர்களைக் காப்பது எப்படி என்று அறிய, அந்தத் தேங்கிய காற்றுக்குள் நிகழ்வதை முதலில் அறிந்தாக வேண்டும்.

யுரேனியம் 238இன் அரை ஆயுள், அதாவது அதன் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 447 கோடி ஆண்டுகள். இவ்வளவு மெதுவாகச் சிதையும் தனிமம் தானாக வெளியிடும் கதிர்வீச்சு குறைவுதான். ஆனால் அதன் சிதைவுத் தொடரில் 1,600 ஆண்டு அரை ஆயுள் கொண்ட ரேடியம் 226 வருகிறது. அது சிதையும்போது ரேடான் 222 என்னும் வாயு பிறக்கிறது. திடப்பொருளாக இருந்தவரை பாறைக்குள் கட்டுண்டிருந்த கதிரியக்கம், வாயுவானதும் நுண்துளைகள் வழியாகச் சுரங்கப் பாதைக்குக் கசிகிறது. ரேடானின் அரை ஆயுள் 3.8 நாட்கள், அது வேதிவினை புரியாத வாயு என்பதால், மூச்சில் உள்ளே போனாலும் பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துவிடும்.

தீங்கு விளைவிப்பவை அதன் சேய் அணுக்கள். ரேடானிலிருந்து பொலோனியம் 218, காரீயம் 214, பிஸ்மத் 214, பொலோனியம் 214 ஆகியவை வரிசையாகத் தோன்றுகின்றன. இவை வாயுக்கள் அல்ல. தூசியில் ஒட்டிக்கொண்டு மூச்சுக்குழாயின் உட்சுவரில் படிந்துவிடுபவை. இவற்றுள் மிக அதிக காலம் நிலைப்பதற்கே அரை ஆயுள் 27 நிமிடங்கள்தான் என்பதால், நுரையீரல் தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ளும் முன்னரே அவை அங்கே சிதைந்து ஆல்பா துகள்களை வெளியிடுகின்றன. தோலின் இறந்த மேலடுக்கையே கடக்க முடியாத ஆல்பா துகள், மூச்சுக்குழாயின் மென்மையான உயிரணுக்களுக்கு அருகில் வெளிப்படும்போது தன் ஆற்றல் முழுவதையும் அவற்றிலேயே இறக்கிவிடுகிறது.

இதற்கு மனிதர்கள் கொடுத்த விலை பெரிது. ஜெர்மனியின் ஷ்னீபெர்க் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்களைத் தாக்கிய நோய் நுரையீரல் புற்று என்று ஹார்ட்டிங், ஹெஸ்ஸே ஆகிய மருத்துவர்கள் 1879ஆம் ஆண்டிலேயே எழுதினர். நுரையீரலுக்குக் கதிர்வீச்சுச் சுமையைத் தருவது பெரும்பாலும் ரேடான் அன்று, அதன் சேய் அணுக்களே என்பதை அமெரிக்காவில் வில்லியம் பேல் 1951இல் எடுத்துக்காட்டினார். சுரங்கப் பாதுகாப்பின் முழு அணுகுமுறையும் இந்தத் திருத்தத்தின் மேல்தான் நிற்கிறது என்பது என் கருத்து.

ஏனெனில், பாறையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ரேடானுடன் சேய் அணுக்கள் ஏறத்தாழ இருப்பதில்லை. அவை உருவாக நேரம் வேண்டும்: சுமார் 40 நிமிடங்களில் சமநிலை அளவின் (தோன்றும் வேகமும் சிதையும் வேகமும் சமமாகும் அளவின்) பாதியை எட்டி, மூன்று நான்கு மணி நேரத்தில் அதை நெருங்கிவிடுகின்றன. ஆகவே ஒரே அளவு ரேடான் உள்ள இரு காற்றுகளில், நெடுநேரம் தேங்கிய காற்றே நுரையீரலுக்குக் கூடுதல் தீங்கானது. சுரங்கப் பொறியாளர்கள் இதைக் காற்றின் வயது என்பார்கள். காற்றோட்டத்தை இரட்டிப்பாக்கினால் ரேடான் பாதியாகக் குறைகிறது. ஆனால் காற்று உள்ளே தங்கும் நேரமும் பாதியாவதால் சேய் அணுக்களின் ஆற்றல் கால் பங்கை நெருங்கும் அளவுக்கு வீழ்கிறது. செலவிட்ட முயற்சியைவிடப் பெரிய பயன் இது.

விசிறியை எந்தத் திசையில் இயக்குவது என்பதும் முக்கியம். உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றினால் சுரங்கத்தில் அழுத்தம் குறைந்து, பாறைத் துளைகளிலிருந்து இன்னும் அதிக ரேடான் இழுக்கப்படும். புதிய காற்றை உள்ளே தள்ளினால் அந்தக் கசிவு ஓரளவு அடங்கும். வெளியே வளிமண்டல அழுத்தம் குறையும் நாட்களில் பழைய சுரங்க வாய்கள் தாமாகவே ரேடானை வெளியே விடும் என்பதால், வாயிலில் நின்று வேலை செய்பவரும் அளவீடு இல்லாமல் நிற்கக் கூடாது. நீண்ட காலம் மூடிக் கிடந்த பாதைகளில் ஆக்சிஜனே போதாமல் போகலாம். அதையும் சோதிக்காமல் எவரும் உள்ளே அடியெடுத்து வைக்கலாகாது.

அளவிடும் முறை எளிமையானது. சில நிமிடங்கள் காற்றை ஒரு வடிகட்டித் தாள் வழியாக இழுத்து, 40 முதல் 90 நிமிடங்கள் காத்திருந்து, தாளில் படிந்தவை வெளியிடும் ஆல்பா துகள்களை எண்ணுவார்கள். முடிவு ‘ஒர்க்கிங் லெவல்’ என்ற அலகில் வரும். ஒரு கன மீட்டர் காற்றில் 3,700 பெக்கரல் (நொடிக்கு 3,700 அணுச் சிதைவுகள்) ரேடான் தன் சேய் அணுக்களுடன் சமநிலையில் இருந்தால் அது ஒரு அலகு. அக்காற்றை 170 மணி நேரம் சுவாசித்தால் ஓர் அலகு மாதம். அமெரிக்கச் சுரங்க விதிகள் ஒருவருக்கு ஓர் ஆண்டில் 4 அலகு மாதங்களுக்கு மேல் அனுமதிப்பதில்லை. ஓர் அலகைத் தாண்டும் இயங்காத பகுதிகளின் வாயிலில் எச்சரிக்கைப் பலகை வைக்கவும் சொல்கின்றன.

சுவாச முகமூடியின் நுண்வடிகட்டி சேய் அணுக்களைப் பிடித்துவிடும், ரேடானைப் பிடிக்காது. சுமையின் பெரும்பகுதி சேய் அணுக்களிடமிருந்தே வருவதால் அது பெரும் உதவிதான். ஆனால் 10 அலகுகளுக்கு மேல் போனால் வெளியிலிருந்து காற்று தரும் கருவியோ, ரேடானையும் உறிஞ்சும் பொருள் அடங்கிய முகமூடியோ வேண்டும். வெப்பத்திலும் வியர்வையிலும் முகத்தோடு சரியாகப் பொருந்தாத முகமூடியை நம்பி விசிறிச் செலவை மிச்சப்படுத்துவது தவறு என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

நிலத்துக்கு மேலே நிலைமை வேறு. அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் நிலத்தில் மட்டும் 1944 முதல் 1986 வரை ஏறக்குறைய 3 கோடி டன் தாது தோண்டப்பட்டு, 500க்கும் மேற்பட்ட சுரங்கங்கள் கைவிடப்பட்டன. அத்தகைய திறந்தவெளிக் குவியல்களில் ரேடான் காற்றில் கலைந்துவிடுகிறது. அங்கே காமா கதிரும் தூசியுமே கவலை. காமாவுக்கு எதிராகக் குவியலின் அருகில் செலவிடும் நேரத்தைக் குறைத்து, தொலைவைக் கூட்டி, இயன்ற இடத்தில் மண்ணால் மூடுகிறார்கள். தூசி எழாதபடி தோண்டும் முன்பே நீர் தெளிக்க வேண்டும். வெளியேறும்போது காலணி, உடை, கைகள் ஆகியவற்றின் கதிரியக்கத்தை அளவிட்டு, அவற்றைக் கழுவ வேண்டும். பணியிடத்தில் உண்பதும் புகைப்பதும் கூடாது. புகைப்பழக்கமும் ரேடானும் சேர்ந்தால் புற்றுநோய் அபாயம் இரண்டையும் தனித்தனியே கூட்டியதைவிட அதிகமாகிறது.

இத்தனை அளவீடுகளையும் ஒவ்வொருவர் பெயரிலும் பல பத்தாண்டுகள் பாதுகாத்து வைப்பது வெறும் தாள் வேலை அன்று. நோய் தோன்ற 10, 20 ஆண்டுகள் ஆகலாம். அமெரிக்காவில் 1990இல் வந்த இழப்பீட்டுச் சட்டம், தாங்கள் பெற்ற அலகு மாதங்களை நிறுவுமாறு சுரங்கத் தொழிலாளர்களைக் கேட்டது. ஓர் ஆண்டுப் பணியைக் காட்டினாலே போதும் என்ற மாற்று வழி 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது.