எத்தியோப்பியாவில் ஓர் இனம் தனி மாநிலம் கேட்டால் என்ன நடக்கும்?

எத்தியோப்பியாவின் இன்றைய அரசமைப்புச் சட்டம் 1994 டிசம்பரில் ஏற்கப்பட்டு, 1995 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டப்படி இறையாண்மை நாட்டின் 'தேசங்கள், தேசிய இனங்கள், மக்கள்' ஆகியோரிடம் இருக்கிறது. தனித்தனிக் குடிமக்களைவிட இனங்களே அங்கே நாட்டின் பங்குதாரர்கள். இதைப் புரிந்துகொண்டால் மற்ற பிரிவுகள் குழப்பாது.

இப்படி எழுதியதற்குக் காரணம் உண்டு. 1991-ல் மெங்கிஸ்டுவின் ராணுவ ஆட்சியைக் கவிழ்த்தவர்கள் பெரும்பாலும் இனத்தின் பெயரால் ஆயுதம் எடுத்த இயக்கத்தினர். அவர்களில் திக்ராய் விடுதலை முன்னணியின் கை ஓங்கியிருந்தது. எரித்திரியா 1993-ல் வாக்கெடுப்பு நடத்திப் பிரிந்தே போய்விட்டது. மிச்சமிருந்த எண்பதுக்கும் மேற்பட்ட இனங்களை வலுக்கட்டாயமாகப் பிடித்துவைக்க முடியாது, போகும் உரிமையைக் கொடுத்தால்தான் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். பிரிவு 39 அப்படி வந்ததுதான்: நாட்டை விட்டுப் பிரிவது உட்பட சுயநிர்ணய உரிமை. அதற்கென்று வழிமுறைகூட எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் இதுவரை யாரும் அந்த வழியாக வெளியேறியதில்லை.

நடைமுறையில் அதிகம் பேசப்படுவது, நாட்டுக்குள்ளேயே தனி மாநிலம் கேட்கும் முறையைச் சொல்லும் பிரிவு 47. தொடக்கத்தில் ஒன்பது மாநிலங்கள் இருந்தன. திக்ராய், ஒரோமியா, அம்ஹாரா, சோமாலி, அஃபார் போன்றவை பெரிய இனத்தின் பெயரிலேயே அமைந்தன. தெற்கில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்களை ஒரே மாநிலத்தில் அடைத்துவிட்டார்கள். அவர்களில் யாராவது தனி மாநிலம் வேண்டுமென்றால், அந்த இனத்தின் மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் தீர்மானம் நிறைவேற வேண்டும். அதை எழுத்து வடிவில் மாநில மன்றத்திடம் கொடுக்க வேண்டும். அப்புறம் ஓராண்டுக்குள் மாநில மன்றம் வாக்கெடுப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். பெரும்பான்மை கிடைத்தால் புதிய மாநிலம் தானாகவே கூட்டாட்சியில் சேர்ந்துவிடும். தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை.

சரி, ஓராண்டுக்குள் வாக்கெடுப்பு நடத்தாவிட்டால்? அரசமைப்புச் சட்டம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அந்தத் தெற்கு மாநிலத்தில் இருந்த சிடாமா இன மக்களுக்கு இந்தச் சட்ட ஓட்டை நன்றாகத் தெரியும். 2018 ஜூலையில் அவர்களுடைய மன்றம் தீர்மானம் போட்டது. 2019 ஜூலையில் கெடு முடிந்தது, வாக்கெடுப்பு நடக்கவில்லை. நாங்களே மாநிலத்தை அறிவித்துக்கொள்கிறோம் என்று கிளம்பியவர்களுக்கும் பாதுகாப்புப் படைக்கும் மோதல் வெடித்தது. பலர் உயிரிழந்தார்கள். சில இடங்களில் பிற இனத்தவரின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. கடைசியில் 2019 நவம்பர் 20 அன்று வாக்கெடுப்பு நடந்தது. 98 சதவீதத்துக்கும் மேல் தனி மாநிலத்துக்கு ஆதரவு. 2020 ஜூனில் சிடாமா பத்தாவது மாநிலமானது. தெற்கு மாநிலத்தின் தலைநகராக இருந்த ஹவாசா நகரமும் சிடாமாவுக்கே போனது. ஹவாசா பல இனத்தவர் கலந்து வாழும் ஊர். மாநிலத்துக்கு ஓர் இனம் உரிமையாளர் என்றாகிவிட்டால், அங்கேயே பிறந்து வளர்ந்த மற்றவர் என்ன கணக்கில் வருவார்? இந்த ஏற்பாட்டின் மிகப் பலவீனமான இடம் இதுதான் என்பேன்.

சச்சரவு வந்தால் நீதிமன்றம் இறுதித் தீர்ப்புச் சொல்லாது. அரசமைப்புக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் நாடாளுமன்றத்தின் மேலவையான கூட்டமைப்பு அவைக்குத்தான். அதில் ஒவ்வோர் இனத்துக்கும் குறைந்தது ஓர் இடம். பத்து லட்சம் மக்களுக்கு ஒன்று வீதம் கூடுதல் இடம். அந்த அவைக்கு ஆலோசனை சொல்லச் சட்ட வல்லுநர் குழு ஒன்று இருக்கிறது. முடிவெடுப்பதென்னவோ அரசியல்வாதிகள்தான்.

சிடாமாவைப் பார்த்து அண்டையில் இருந்த வோலைட்டா மக்களும் 2018 டிசம்பரில் அதே பிரிவின்கீழ் தனி மாநிலம் கேட்டார்கள். அவர்களுக்கு அந்த வாக்கெடுப்பு கிடைக்கவில்லை. 2023-ல் அவர்கள் முன் வைக்கப்பட்ட கேள்வியே வேறு: பக்கத்து இனங்களோடு சேர்ந்து ஒரு புதிய மாநிலமா, பழைய மாநிலத்திலேயே இருப்பதா? தங்களுக்கென்று தனி மாநிலம் என்ற மூன்றாவது வாய்ப்பு வாக்குச்சீட்டில் இல்லை. முதல் முறை நடந்த வாக்குப்பதிவில் முறைகேடு என்று தேர்தல் வாரியம் ரத்து செய்து, ஜூனில் மறுபடி நடத்தியது. அந்த ஆகஸ்டில் தெற்கு எத்தியோப்பியா மாநிலம் உருவானது. வோலைட்டா இப்போது அதில் ஒரு மண்டலம்.