‘சிகரெட் பிடித்தவர்’ என்று எழுதி ஃபைலை மூடாதீர்கள்

மறுபடியும் அதே மாதிரி ஒரு கேஸ் குறிப்பு. எண்பதை ஒட்டிய வயது, படியேறினால் மூச்சு வாங்குகிறது, எக்ஸ்ரேயில் நுரையீரல் உறையில் சுண்ணாம்புத் திட்டுகள். தொழில் என்ற கட்டத்தில் ‘ஓய்வு பெற்றவர்’. அதன் கீழே ‘முன்பு சிகரெட் பிடித்தவர்’. அவ்வளவுதான். அமெரிக்கக் கடற்படையில் இருந்தாரா, எந்தக் கப்பல், என்ன வேலை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தத் திட்டுகள், பழைய கப்பல்களில் வெப்பம் தாங்கச் சுற்றிய ஆஸ்பெஸ்டாஸ் என்ற நார்க் கனிமத்தின் தூசி பட்ட அடையாளமாக இருக்கலாம். அங்கே முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் நம் டாக்டர்களும் நர்சுகளும் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

‘இரண்டாம் உலகப் போர்க் கப்பலில் இருந்தவர்கள் இனி யார் மிச்சம்?’ என்பார்கள். போர் முடிந்ததும் அந்தக் கப்பல்களை எல்லாம் உடைத்துவிடவில்லை. 1945ஐ ஒட்டிக் கட்டிய கியரிங் வகை நாசகாரிப் போர்க்கப்பல்களை 1960களில் ‘ஃப்ராம்’ என்ற திட்டத்தில் பிரித்துப் புதுப்பித்து, வியட்நாம் போரிலும் ஓட்டினார்கள். புதிதாக ஆஸ்பெஸ்டாஸ் சுற்றுவதைவிடப் பழையதை உரிக்கும்போதுதான் தூசி அதிகம். 1965இல் கப்பலேறிய பத்தொன்பது வயதுப் பையன்தான் இன்று உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவர்.

பாய்லர், டர்பைன், நீராவிக் குழாய், பம்ப், வால்வு என்று சூடான எதுவும் ஆஸ்பெஸ்டாஸ் உறை இல்லாமல் இருக்காது. ஒரு வால்வு கேஸ்கெட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் தகடு) மாற்றும் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். குழாயை இணைக்கும் வளையமான ஃபிளாஞ்சை எட்டவே முதலில் மேலுறையைத் தட்டி உடைக்க வேண்டும். போல்ட்டைக் கழற்றினால் பழைய கேஸ்கெட் வெந்து இரும்போடு ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டியில் பெயர்த்து, கம்பி பிரஷால் தேய்த்து எடுக்க வேண்டும். புது ஷீட்டை ஃபிளாஞ்ச் மேல் வைத்துச் சுத்தியலால் விளிம்பைத் தட்டியே அளவுக்கு வெட்டுவார்கள். கடைசியில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் பொடியைத் தண்ணீரில் குழைத்து உறையைப் பூச வேண்டும். இவ்வளவும் காற்று வராத இயந்திர அறைக்குள். ‘நான் பாய்லர் பக்கமே போனதில்லை’ என்பவரையும் விட்டுவிடாதீர்கள். படுக்கைக்கு மேலே எந்தக் குழாய் ஓடியது என்று கேளுங்கள். பீரங்கி சுட்டால் அதிர்வில் உறைத்தூசி படுக்கையில் கொட்டும்.

இனி அந்தச் சிகரெட். பொறுமையாகச் சொல்கிறேன். நுரையீரல் உறையில் வரும் புற்றுநோயான மீசோதீலியோமாவுக்கும் சிகரெட்டுக்கும் சம்பந்தம் இல்லை. வாழ்நாள் முழுக்க ஊதித் தள்ளியவருக்கு அது வந்திருந்தாலும் முதலில் தேட வேண்டியது ஆஸ்பெஸ்டாஸைத்தான். நுரையீரல் புற்றுநோய் வேறு கதை. அதில் சிகரெட்டும் ஆஸ்பெஸ்டாஸும் சேர்ந்தால் ஆபத்து இரண்டையும் கூட்டினால் வருவதைவிட அதிகமாகிறது. அப்படியென்றால் சிகரெட் பிடித்தவரிடம்தான் கப்பல் வேலையை இன்னும் அழுத்திக் கேட்க வேண்டும். நாம் செய்வது நேர்மாறு. ‘புகையிலை என்றால் இழப்பீடு கிடையாதே’ என்று சட்டம் பேசுபவர்களும் உண்டு. 1998 ஜூனுக்குப் பிறகு போட்ட மனுக்களில், புகையிலையை மட்டுமே காரணமாகக் காட்டினால் கிடைக்காதுதான். ஆஸ்பெஸ்டாஸைக் காரணமாகக் காட்டும் வழியை அந்தச் சட்டம் அடைக்கவில்லை. அவர் சிகரெட் பிடித்தார் என்பதை மறைக்கவும் வேண்டாம். அது ஃபைலில் எப்படியும் இருக்கும்.

‘கப்பலை விட்டு நாற்பது வருடம் நன்றாகத்தானே இருந்தார்?’ இந்த நோயின் சுபாவமே அதுதான். போர்க்காலக் கப்பல் தளங்களில் குழாய்க்கு உறை போட்ட 1,074 பேரைப் பரிசோதித்து 1946இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆஸ்பெஸ்டோசிஸ் (ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் தழும்பேறும் நோய்) மூன்று பேருக்குத்தான், எனவே ஆபத்தான தொழில் இல்லை என்று முடித்தார்கள். அந்தக் கூட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அந்த வேலையில் பத்து வருடம்கூட ஆகாதவர்கள். நோய் வந்த மூவரும் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்கள். விதை போட்ட மறுநாள் வந்து மரம் எங்கே என்று கேட்ட கதை. அதை நம்பிப் பல வருடம் ஓட்டினார்கள்.

இழப்பீட்டு மனுவுக்கு வருவோம். முன்னாள் படைவீரர் நலத்துறை ஆஸ்பெஸ்டாஸ் நோயைத் தானாகப் பணியோடு சேர்த்துக்கொள்ளாது. நோய் இருப்பது, பணியில் தூசி பட்டது, இரண்டுக்கும் உள்ள தொடர்பு ஆகிய மூன்றையும் காட்ட வேண்டும். பல மனுக்கள் மூன்றாவதில்தான் சறுக்குகின்றன, காரணம் டாக்டர் கடிதம். ‘தொடர்பு இருக்கலாம்’ என்று எழுதினால் அதை வெறும் ஊகம் என்று ஒதுக்கிவிடுவார்கள். ‘தொடர்பு இருக்கக் குறைந்தது பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு’ என்ற பொருளில், காரணத்தோடு எழுதுங்கள். சட்டம் அதற்கு மேல் கேட்பதில்லை.

ஆஸ்பெஸ்டோசிஸுக்கு ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனை மட்டும் எடுத்து அனுப்பாதீர்கள், நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு போகும் திறனைப் பார்க்கும் டிஎல்சிஓவும் எடுங்கள். எஃப்விசி (மூச்சை முழுக்க இழுத்து ஊதும் காற்றின் அளவு) இயல்பாக எதிர்பார்க்கும் அளவில் 50 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, டிஎல்சிஓ 40க்குக் கீழே போனாலோ முழு 100 சதவீத ஊனமாகக் கணக்காகும். எஃப்விசி 75 முதல் 80 வரை என்றால் வெறும் 10. எஃப்விசி தாக்குப்பிடித்து டிஎல்சிஓ மட்டும் சரிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சோதனை இல்லாவிட்டால் நஷ்டம் அவர்களுக்கு. நுரையீரல் உறைத் திட்டு மட்டும் இருந்தால் பணம் வராது, ஆனால் தூசி பட்டதற்கு அது சாட்சி. மீசோதீலியோமா என்றால் 100 சதவீதம்.

ஆதாரம் சேர்ந்த பிறகு போடலாம் என்று உட்காராதீர்கள். முதலில் ‘மனுப் போடப் போகிறேன்’ என்று தெரிவிக்கும் 21-0966 என்ற படிவத்தைப் போட்டு தேதியைப் பிடித்துவிட்டால், முழு மனுவுக்கு ஒரு வருடம் அவகாசம். பணம் முதல் தேதியிலிருந்தே கணக்காகும். ‘ரெக்கார்டெல்லாம் தீயில் போய்விட்டது’ என்று கையை விரிக்கிறார்கள். செயின்ட் லூயிஸில் உள்ள படை ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலையில் எரிந்தவை தரைப்படை, விமானப்படைக் கோப்புகள். கடற்படைக் கோப்புகள் எரியவில்லை, எழுதிக் கேளுங்கள். பணி விடுவிப்புப் பத்திரத்தில் உள்ள பதவிப் பெயரை அப்படியே மனுவில் எழுதுங்கள். எந்தப் பதவிக்கு எவ்வளவு தூசி பட்டிருக்கும் என்று நலத்துறையிடமே பட்டியல் உண்டு.

கடற்படை மேல் வழக்குப் போட முடியாது. உறையும் கேஸ்கெட்டும் விற்ற கம்பெனிகள் இழப்பீட்டுக்காக அமைத்த அறக்கட்டளைகளிடம் தனியாகக் கேட்கலாம். அந்தப் பணம் வந்தால் ஊன இழப்பீடு குறைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், குறையாது. வருமானத்தைப் பார்த்துத் தரும் பென்ஷன் வாங்குபவர் மட்டும் விசாரித்துக்கொள்ளட்டும். முதல் மனுவை எழுதித் தரக் கட்டணம் கேட்பதற்குச் சட்டப்படி அனுமதி இல்லை, அப்படிக் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அங்கீகாரம் பெற்ற படைவீரர் சங்கங்கள் இலவசமாகச் செய்கின்றன.

கணவர் இறந்துவிட்டாலும் மனைவி மனுப் போடலாம். எத்தனை வருடம் கழித்தும் போடலாம். ஒரு வருடத்துக்குள் போட்டால் இறந்த மாதத்திலிருந்தே கணக்காகும். இறப்புச் சான்றிதழில் டாக்டர் ‘மூச்சுத் திணறல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் மீசோதீலியோமா அல்லது ஆஸ்பெஸ்டோசிஸ் என்று திருத்தித் தரச் சொல்லி அப்போதே கேளுங்கள். பயாப்சி எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்த கட்டைகளை ஆஸ்பத்திரி சில வருடங்களில் அப்புறப்படுத்திவிடும். பத்திரமாக வைக்கும்படி இந்த வாரமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.