லைன் வீட்டில் காணாமல் போகும் 64 யூனிட்

வாளையார் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பாலக்காடு போகும் வழியில் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை. அந்தப் பக்கத்தில், வரிசையாக எட்டு வாடகை அறை கொண்ட லைன் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி.யின் மீட்டர் ஒன்றே ஒன்று. அதற்குப் பின்னால் வீட்டுக்காரர் தன் செலவில் அறைக்கு ஒன்றாக மாட்டிய 8 சப்-மீட்டர், ஒரு தண்ணீர் மோட்டார், நடையில் 2 லைட். பில் வரும் நாளில் கணக்கு இடிக்கிறது. மெயின் மீட்டர் 2 மாதத்துக்கு 612 யூனிட் காட்டுகிறது. சப்-மீட்டர் எட்டையும் கூட்டினால் 548தான். மீதி 64 யார் தலையில்? குடியிருப்பவர்கள் வீட்டுக்காரரைச் சந்தேகப்படுவார்கள், அவர் கடைசி அறைக்காரரைச் சந்தேகப்படுவார். பெரும்பாலும் யாருமே திருடியிருக்க மாட்டார்கள்.

முதலில் மோட்டார். 1 எச்.பி. என்பது மோட்டார் வெளியே தரும் 746 வாட். உள்ளே இழுப்பது ஏறக்குறைய 1,100 வாட். தினம் அரை மணி நேரம் ஓடினால் 60 நாளில் 33 யூனிட். நடையில் இரண்டு 9 வாட் எல்.இ.டி. இரவு முழுக்க 12 மணி நேரம் எரிந்தால் 13 யூனிட். ஆக 46 வந்துவிட்டது. பாக்கி 18.

இதில் ஒரு பங்கைத் தின்பது சப்-மீட்டர்களேதான். மின்னணு மீட்டருக்குள் இருக்கும் சுற்று வேலை செய்ய அரை வாட் முதல் ஒரு வாட் வரை வேண்டும், இரவு பகல் எந்நேரமும். அதை அது தன் கணக்கில் எழுதாது, மேலே இருக்கும் மெயின் மீட்டர்தான் எழுதும். எட்டு மீட்டருக்கும் சேர்த்து 2 மாதத்தில் 6 முதல் 11.5 யூனிட். அறைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தாலும் இது ஓடும்.

மிச்சம் கம்பியில் சூடாகப் போகிறது. சப்-மீட்டரை அறை வாசலில் மாட்டினால், மெயின் போர்டிலிருந்து அதுவரை போகும் கம்பியின் இழப்பு பொதுக் கணக்கில் விழும். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, 30 மீட்டர் தூரம், போக வர 60 மீட்டர்: மின்தடை சுமார் 0.48 ஓம். கடைசி அறையில் 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு போட்டால் 8.7 ஆம்பியர்; கம்பி 36 வாட் தின்னும். ஏசியும் சேர்ந்து 15 ஆம்பியர் ஆனால் 36 அல்ல, 108 வாட். மின்னோட்டத்தின் வர்க்கத்தில் இழப்பு ஏறுவதால் இப்படி. அதனால் சப்-மீட்டர் எல்லாவற்றையும் மெயின் மீட்டர் பக்கத்திலேயே ஒரே பலகையில் மாட்டுவதுதான் சரி. அறைக்குப் போகும் கம்பியின் இழப்பு அந்தந்த அறைக் கணக்கிலேயே ஏறும். ரீடிங் எடுக்க யார் கதவையும் தட்டவும் வேண்டாம்.

இந்தக் கணக்கைச் சரிபார்க்க மீட்டரில் மின்னும் சிவப்பு விளக்கு ஒன்று போதும். மீட்டர் முகப்பில் 3200 இம்ப்/கி.வா.ம. என்று போட்டிருந்தால், 3,200 தடவை மின்னினால் ஒரு யூனிட். இரண்டு மின்னலுக்கு நடுவே எத்தனை விநாடி என்று எண்ணி, 1,125-ஐ அதால் வகுத்தால் அந்த நேரத்து வாட். 15 விநாடிக்கு ஒருமுறை என்றால் 75 வாட், முழு வேகத்தில் ஒரு சீலிங் ஃபேன். (1600 போட்ட மீட்டருக்கு 2,250-ஐ வகுக்க வேண்டும்.) இப்போது மோட்டார், நடை லைட், எட்டு அறை எம்.சி.பி. (ஆம்பியர் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) எல்லாவற்றையும் இறக்கிவிட்டு மெயின் மீட்டரைப் பாருங்கள். இரண்டரை நிமிடத்துக்கு ஒரு மின்னல் என்றால் 7.5 வாட், சப்-மீட்டர்களின் சாப்பாடு அது. 20 விநாடிக்கு ஒன்று வந்தால் எங்கோ சப்-மீட்டரில் சேராமல் ஒரு கம்பி போயிருக்கிறது.

சப்-மீட்டர்களின் கூட்டுத்தொகை மெயினை விட அதிகமாக வருவதும் உண்டு. அப்போது கரண்ட் திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரலைத்தான் பார்க்க வேண்டும். சில மீட்டர் கரண்ட் வரும் கம்பியான ஃபேஸை மட்டும் அளக்கும். சில ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் அளந்து எது அதிகமோ அதை எழுதும். சப்-மீட்டருக்குப் பிறகு 3-ஆம் அறை, 4-ஆம் அறை நியூட்ரல்களை ஒரு ஜங்ஷன் பாக்ஸில் சேர்த்து முறுக்கியிருந்தால், 3-ஆம் அறையின் 8 ஆம்பியரில் பாதி 4-ஆம் அறை வழியாகத் திரும்பும். ஆள் ஊருக்குப் போயிருந்தாலும் 4-ஆம் அறை மீட்டர் 4 ஆம்பியர் ஓட்டும். அங்கே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் அவ்வளவு வித்தியாசப்பட்டாலே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால், பக்கத்து அறையில் மிக்ஸி போட்டதும் இங்கே கரண்ட் போகும். ஆர்.சி.சி.பி. கெட்டுவிட்டது என்று கழற்றி எறிவதுதான் வழக்கம். உண்மையில் அது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

விலையிலும் ஒரு பொறி இருக்கிறது. கேரளத்தில் வீட்டு இணைப்புக்கு மாதம் 250 யூனிட் வரை படிப்படியாக விலை ஏறும். அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே ஒரே உயர்ந்த விலை. எட்டு அறையையும் ஒரே மீட்டரில் சேர்த்தால் மாதம் 306. தனித்தனி இணைப்பாக இருந்தால் அறைக்கு மாதம் 38 சொச்சம், எல்லாருக்கும் அடிமட்ட விலை. வாளையாருக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் நஷ்டம்தான், வேறு வழியில்: 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது இணைப்புக்கு ஒன்று, அறைக்கு ஒன்று அல்ல. தனி இணைப்பு கிடைக்காத இடத்தில் பில் தொகையை மெயின் யூனிட்டால் வகுத்து அதே விலையில் பிரிப்பதுதான் நியாயம். பொது 64-ஐ எட்டாகப் பகிரலாம். யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று மேலே வைத்து வாங்குவது மின்சார வியாபாரம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், 12-ஆம் பிரிவு அதற்கு உரிமம் கேட்கிறது.

இதெல்லாம் காசு. உயிருக்கும் சாமானுக்கும் ஆபத்து வேறு இடத்தில்: மூன்று ஃபேஸ் இணைப்பின் பொது நியூட்ரல். அது லூஸ் ஆகிக் கழன்றால், வெவ்வேறு ஃபேஸில் இருக்கும் இரண்டு அறைகள் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே வரிசையாக நின்றுவிடும். ஒரு அறையில் தண்ணீர் சூடாக்கும் 1,000 வாட் ராடு, மின்தடை 53 ஓம். இன்னொன்றில் ஃபேனும் லைட்டுமாக 100 வாட், 529 ஓம். ராடுக்கு 36 வோல்ட்டும் ஃபேனுக்கு 364 வோல்ட்டும் போகும். குறைவாகச் செலவழிப்பவர் வீட்டு டி.வி. முதலில் புகையும். ஆம்பியர் ஏறாததால் எம்.சி.பி. விழாது. ஓரிடத்தில் ராடு போட்டதும் வேறு அறையில் பல்பு பளிச்சென்று எரிந்தால் இதன் ஆரம்பம். அந்த நிமிடமே மெயினை இறக்க வேண்டும். பெரும்பாலும் காரணம் ஒரு திருகுதான். வெளியிலிருந்து வரும் அலுமினிய சர்வீஸ் கம்பியை, நியூட்ரல் கம்பிகளை இணைக்கும் பித்தளை நியூட்ரல் லிங்க்கில் நேராகச் செருகி முடுக்கினால், அலுமினியம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகும், மழைக்கால ஈரத்தில் மேலே ஆக்சைடு படியும், சூடாகும், மேலும் விலகும். பைமெட்டல் லக் (இரண்டு உலோகத்துக்கும் ஒத்துப்போகும் முனை) போட்டு, கருவியால் நசுக்கிக் கிரிம்ப் செய்து முடுக்கி, ஆண்டுக்கு ஒருமுறை மெயினை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்து அந்தத் திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். லிங்க்கின் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் திருகை முடுக்கிப் பயனில்லை. லிங்க்கையே மாற்ற வேண்டும்.